ஏழுமலை மேஸ்திரி மேல் தப்பில்லை

இந்தப் புத்தகத்தில் மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு என் பக்கத்துக்கு வரும்போது நீங்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்கவேண்டும். நான் நிறையப் பேசுகிறவள். எழுதினாலும் அப்படித்தான் வருகிறது. கூரத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்த கை இது. கோயில் உபயதாரர் பட்டியலைத் தவிர வேறெங்கும் என் பெயர் அச்சில் வந்ததில்லை. இப்போது வருவதும் நல்ல காரியத்துக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றது. இருபத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். யாரென்று கேட்டேன்.

"டைல்ஸ் மேஸ்திரி பொண்ணும்மா, தேவகி. அப்பா தவறிட்டாரு."

முந்தின வியாழக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டதாம். நெஞ்சுச் சளி என்று ஆரம்பித்து, பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்கத் தூசி கட்டிக்கிடந்ததாம். இருபது நாள் படுக்கையில் இருந்தாராம். எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை.

உள்ளே வாம்மா என்றேன். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் தரையைத்தான் பார்த்தது. பிறகு கூடத்தின் நடுவில் கால் வைக்காமல், சுவர் ஓரமாகவே நடந்து வந்து உட்கார்ந்தது. காரியத்தன்று கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறார்களாம். மேஸ்திரி வேலை செய்த வீட்டுக்காரர்கள் ஆளுக்கு நாலு வார்த்தை எழுதினால் நன்றாக இருக்கும் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்களாம். கேட்டுவிட்டு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது.

"உங்க வூட்ல கேக்கலாமா வேணாமான்னு அம்மா ரொம்ப யோசிச்சாங்கம்மா. நான்தான் கேட்டுப் பாக்கறேன்னு வந்தேன்."

ஏன் யோசித்தார்கள் என்பது சின்னக் காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஏழுமலை மேஸ்திரி போட்ட கல் பெயர்ந்துபோன வீடு என் வீடு. அந்த ஒரு கூடத்தால் அவர் பேர் கெட்டது. அது எப்படிப் பெயர்ந்தது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே அவரும் போய்விட்டார் என்றால் நான் இந்தக் காகிதத்தைத் தொட்டிருக்கமாட்டேன். அவருக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அவரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒல்லியான ஆள். நெற்றியில் ஒற்றைக் கோடாகத் திருமண் இருக்கும், வேர்வையில் பாதி அழிந்துபோயிருக்கும். இரண்டு முழங்காலிலும் தோல் தடித்துக் கறுத்திருக்கும். பிறந்தது ஓரிக்கைப் பக்கம், பயிர்வைக்கிற குடும்பம். கொத்து வேலைக்கு வந்து, சிவப்பு சிமெண்ட் தரை போட்டு, பிறகு டைல்ஸ் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டவர். ஒரு அடிக்கு ஒரு அடி கல்லை எல்லோரும் போடுவார்கள். நாலடிக்கு இரண்டடி என்று பெரிய கல் வந்ததும், நம்ம ஊரில் அதைப் போடத் தைரியமாக ஒத்துக்கொண்ட முதல் சில பேரில் அவர் ஒருவர். டைல்ஸை அவர்கள் கல் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் சொல்வது ஐந்து வருடத்துக்கு முன்னால் நடந்தது. என் வீட்டுக்காரர் காலமாகி அப்போது இரண்டு வருடம். பட்டுச் சொசைட்டியில் வேலை பார்த்தவர். ஒரே பிள்ளை சம்பத், பெங்களூரில் உத்தியோகம். அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்ததும், வருகிறவர்கள் கண்ணுக்கு வீடு பழசாகத் தெரியக்கூடாது என்று தரையை மாற்றச் சொன்னான். சென்னையிலிருந்து லாரியில் கல் வந்து இறங்கியது. கண்ணாடிபோல வழவழவென்று, சந்தன நிறத்தில். ஒரு கல்லை இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்கவேண்டும்.

முதல் நாள் மேஸ்திரி வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். வெயிலில் வந்தவர் ஆயிற்றே என்று மோர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் முழுக்கக் குடித்தார்.

"நல்லா இருந்துச்சும்மா. இப்ப தண்ணியும் குடுங்க, தரைக்கு."

சொம்பை வாங்கிக் கூடத்தின் நடுவில் ஊற்றிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து அது எங்கே ஓடுகிறது என்று பார்த்தார். எனக்கு அந்த வீட்டில் முப்பது வருடம். தரை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது அன்றுதான் தெரிந்தது. சின்னக் கல்லாக இருந்தால் இந்தச் சாய்வை ஒவ்வொரு கல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டு மறைத்துவிடலாமாம்.

"பெரிய கல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா," என்றார். "அடியில இன்னா கீதோ அத மேல காட்டிடும்."

அது மட்டுமல்ல. கல் எங்கிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று ஒரு நாள் முழுக்க நூல் பிடித்துப் பார்த்தார். தறிக்குப் பாவு நூல் பிரிக்கிறவர்கள் பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். முழுக்கல் வைத்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு ஓரத்தில் துண்டு வெட்டி வைத்துத்தான் ஆகவேண்டும். கூடத்தின் மேற்குக் கோடியில் எங்கள் பெருமாள் மாடம். வாசலில் இருந்து ஆரம்பித்தால் துண்டு அங்கேதான் விழும். வேலை சுலபம் அப்படித்தான். அவர் மாடத்தடியிலிருந்து ஆரம்பித்தார். சாமி முன்னால் வெட்டுக்கல் வரக்கூடாதென்று அவராகவே சொன்னார். நான் கேட்கவே இல்லை. அன்றைக்கே எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பன்னிரண்டு நாள் வேலை. அறைகளெல்லாம் முதலில், கூடம் கடைசியில். அவரும் இரண்டு ஆட்களும். நான் நாற்காலியை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பேன். இரண்டு வருடமாகக் காலையில் எழுந்தால் இரவு வரைக்கும் பேச்சுத் துணை இல்லாமல், பால்காரரை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தவள் நான். அவர் கல்லைத் தட்டிக்கொண்டே 'ம்' என்பார். சும்மா சொல்கிற 'ம்' என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் சாயங்காலம், கூரத்தில் நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் கன்றுக்குட்டி தொலைந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் ஆட்கள் கிளம்ப நேரமாகிவிட்டது. மறுநாள் காலை மேஸ்திரி ரப்பர் சுத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், அந்தக் கன்றுக்குட்டி கிடைத்ததா என்று கேட்டார். என் வீட்டுக்காரரே அப்படிக் கேட்டதில்லை. பெருமாள் மன்னிக்கவேண்டும், உண்மையைத்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு கல்லையும் வைத்தபிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். நாலு மூலை, நடுவில் ஒன்று. அடியில் கலவை நிறைந்திருந்தால் ஒரு சத்தம், எங்காவது காற்று இருந்தால் வேறு சத்தம். வேறு சத்தம் வந்தால் அப்படியே கல்லைத் தூக்கி, திரும்பக் கலவை பூசி வைப்பார். வேறு வீட்டில் ஒரு வேலை காத்திருக்கிறது என்று ஆட்கள் அவசரப்படுத்துவார்கள். தரைக்கு நம்ம அவசரம் தெரியாது என்பார்.

இனிமேல்தான் என் பாவத்துக்கு வருகிறேன்.

கூடம் முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாற்பது கல். கல்லுக்குக் கல் நடுவில் இருக்கிற சந்து அடைக்கவில்லை, அது திங்கட்கிழமை வேலை. மேஸ்திரி கூடத்து வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டினார். திங்கட்கிழமை வரைக்கும் ஒருவரும் உள்ளே போகக்கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, காற்று மட்டும் போகலாம் என்றார். அடியில் இருக்கிற பசைக் கலவை இறுகவேண்டுமாம். நான் தலையை ஆட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

மறுநாள் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

எங்கள் வீட்டில் அன்றைக்குப் பெருமாளுக்குத் தளிகை. சமைத்ததையெல்லாம் மாடத்துக்கு முன்னால் இலை விரித்துப் படைத்து, மாவிளக்கு ஏற்றி, கோவிந்தா சொல்வோம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஒரு வருடம்கூட நிறுத்தியதில்லை. என் வீட்டுக்காரர் காலமான வருடம் மட்டும் தீட்டு. அதை மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்ல எனக்கு வாய் இல்லையா? பன்னிரண்டு நாள் ஊர்க்கதையெல்லாம் பேசிய வாய். இதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேலை தள்ளிப்போகும், வீடு இன்னொரு வாரம் அலங்கோலமாகக் கிடக்கும், சம்பத் போனில் கத்துவான் என்று நினைத்தேன். எப்படியாவது ஓரமாகச் செய்துகொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்கள் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டபோது கருவாட்டு வாசனை வந்தது. வந்ததாக எனக்குத் தோன்றியது. நான் எட்டிப் பார்க்கவில்லை. மனசு முடிவு செய்துகொண்டது. புரட்டாசி மாசத்தில் கவுச்சி சாப்பிட்ட கால்கள் நடந்த தரையில் இலை போடுவதா என்று ராத்திரியெல்லாம் அரித்தது.

சனிக்கிழமை காலையில் குளித்து ஈரப்புடவையோடு வந்து கயிற்றை அவிழ்த்தேன். வாளியில் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினேன். ஒரு வாளி இல்லை, பதினோரு வாளி. விளக்குமாற்றால் தள்ளித் தள்ளி, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். சந்துகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தன. எவ்வளவு சுத்தமாக உள்ளே போகிறது என்று அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. பழைய வேட்டியால் துடைத்தேன். குத்துவிளக்கு, பலகை எல்லாம் கொண்டுபோய் வைத்துத் தளிகை போட்டேன். எல்லாம் முடிந்து தரை காய்ந்ததும், கயிற்றைப் பழையபடி கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை மேஸ்திரி வந்தார். கயிற்றின் முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் முழங்காலிட்டு ஒரு சந்தில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார்.

"யாராச்சும் உள்ள போனாங்களாம்மா?"

"இல்லையே," என்றேன்.

பெருமாள் மாடத்துக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு சொன்னேன். எல்லாக் கல்லையும் தட்டினார். வாசல் பக்கம் மூன்று கல் சத்தம் சரியில்லை, அவற்றைத் தூக்கித் திரும்பப் போட்டார். மற்றவையெல்லாம் அன்று நன்றாகத்தான் சொல்லின. சந்துகளை அடைத்துவிட்டு, கார்த்திகை வரைக்கும் பார்க்கலாம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையும் மார்கழியும் போயின. தை மாசம் நிச்சயதார்த்தம். சம்பந்தி வரதராஜன் அப்போது ஊர் ஓரத்தில் புது நகர் ஒன்றில் வீடு கட்டிக்கொண்டிருந்தார், மாடியோடு ஆறு அறை. சம்பந்தம் பேச வந்தபோதே எங்கள் கூடத்தைப் பார்த்து மயங்கிப்போய், அதே மேஸ்திரியைப் பேசி வைத்திருந்தார். அவர் போட்டால் அந்தத் தெருவில் கட்டுகிறவர்கள் எல்லோரும் அவரையே கூப்பிடுவதாக இருந்தது. மேஸ்திரி வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலை அதுவரை வந்ததில்லை.

நிச்சயத்துக்கு வந்த சம்பந்தி, காப்பி டம்ளரோடு கூடத்தில் நடந்தார். நடுவில் ஒரு கல் 'லொடக்' என்று ஆடியது. காப்பி வேட்டியில் கொட்டியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் கல்லில் காலை வைத்தார், அதுவும் ஆடியது.

மறுநாள் காலை மேஸ்திரியை வரவழைத்தார்கள். சம்பந்தியும் வந்துவிட்டார். மேஸ்திரி ஒரு மூலையில் ஆரம்பித்து நாற்பது கல்லையும் தட்டிக்கொண்டே போனார். சத்தம் சரியில்லாத கல்லில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். இருபத்தாறு குறி. தப்பெல்லாம் போட்ட பரீட்சைத் தாள்போல என் கூடம் கிடந்தது.

சம்பத் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினான். ஊரில் நல்ல பேர் என்று நம்பி விட்டோமே என்றான். சம்பந்தி அவனைப் பார்த்துச் சொன்னார்:

"நம்ம வூட்டுக்கு நான் வேற ஆளு பாத்துக்கறம்பா. இவுரு வேணாம்."

மேஸ்திரி என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருக்காது. யாரோ ஏதோ சொல்ல வாயெடுத்தால், அவர்கள் முடிக்கட்டும் என்று நாம் காத்திருப்போம் இல்லையா, அப்படிப் பார்த்தார். மேஸ்திரி சொன்னதை மீறி, அதுவும் பொய்யும் சொல்லி, இந்தக் கெடுதலைச் செய்தவள் மாமியார் என்று தெரிந்தால் இவர்கள் பெண் கொடுப்பார்களா என்று பயந்தேன். எல்லோருக்கும் காப்பி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

அடுப்படியிலிருந்து அவர் குரல் கேட்டது. "என் கை வேல. நானே பிரிச்சிப் போட்டுக் குடுத்துடறேன்."

எட்டு நாள் ஆயிற்று. கல் உடையாமல் பெயர்த்தெடுப்பது போடுவதைவிடக் கஷ்டம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நடுக்கூடத்தில் ஒரு கல்லைத் தூக்கினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அடியில் சாம்பல் நிறமாக இருக்கவேண்டிய கலவை, ஓரத்திலிருந்து உள்ளே வரைக்கும் மஞ்சளாக ஊறிப்போயிருந்தது. நதி வரைபடம்போலக் கிளை கிளையாக.

"இன்னா மேஸ்திரி, மஞ்சளா கீது?" என்று ஆள் கேட்டான்.

மேஸ்திரி குனிந்து அதைப் பார்த்தார். ஒரு சிட்டிகை சுரண்டி முகர்ந்தார். நிமிரவே இல்லை.

"மணலு அப்படி. வேலையப் பாரு."

ஆட்கள் வெளியே மணல் சலிக்கப் போனபிறகு, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார். இந்த ஐந்து வருடத்தில் அந்த வார்த்தையை நான் மறந்த நாள் இல்லை.

"சனிக்கெழமன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கூடத்த ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பேனேம்மா. எங்க வூட்லயும் தளிகை உண்டு. புரட்டாசி பூரா எங்க ஆளுங்க மூணு பேரும் ஒரு பொழுதுதான்."

அப்படியென்றால் அந்தக் கருவாடு? இருந்திருக்கவே முடியாது. எதிர் வீட்டிலிருந்து வந்ததோ, என் மூக்கே சமைத்ததோ.

அப்போதாவது நான் சம்பத்திடம் சொல்லியிருக்கவேண்டும். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. மருமகள் வந்த புதுசு, இப்போது வேண்டாம் என்றேன். அவர்கள் பெங்களூர் போனார்கள். போனில் சொல்கிற விஷயமா என்றேன். நாள் போகப்போக, சொல்லாமல் இருந்ததே செய்ததைவிடப் பெரிதாகிவிட்டது. அதற்குள், போட்ட கல் பெயர்ந்தவர் என்று வெளியே அவர் பேர் 'கல்லு தூக்கின மேஸ்திரி' ஆகிவிட்டது. சம்பந்தியின் தெருவில் ஒரு வீட்டிலும் அவரைக் கூப்பிடவில்லை. பெரிய கல் வேலை வருவது நின்றது. யாரோ ஒரு காண்டிராக்டரிடம் சேர்ந்து, மற்றவர்கள் போடுவதற்குக் கல் வெட்டிக் கொடுக்கிற வேலைக்குப் போனார். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து, வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. நுரையீரலில் தூசி என்று தேவகி சொன்னபோது, அந்தப் பெண் என்னைக் குத்திச் சொல்லவில்லை, நோயைச் சொன்னது. எனக்குத்தான் வேறு மாதிரிக் கேட்டது. எவ்வளவு தூசி என்னால் வந்தது என்று நான் அளக்கமாட்டேன். அளக்கிறவன் மேலே இருக்கிறான்.

ஆனாலும் அவர் என் வீட்டை விட்டுவிடவில்லை. வருடா வருடம் புரட்டாசி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிளில் வருவார். கூடத்தில் உட்கார்ந்து நாலைந்து கல்லைத் தட்டுவார். எல்லாம் நிறைந்திருக்கிறது என்பார். முதல் வருடம் வந்தபோது சொன்னார்:

"இப்ப ஊத்துங்கம்மா. பதினோரு வாளி இன்னா, ஏரியே கொண்டாந்து ஊத்துங்க. அசையாது."

எத்தனை வாளி என்று நான் அவரிடம் சொன்னதில்லை. பெயர்த்த கலவையைப் பார்த்தே கணித்துவிட்டாரோ, இல்லை வாயில் வந்த எண்ணோ, நான் கேட்கவில்லை. அவரும் சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டால் ஒரு விஷயம் முடிந்துவிட்டதாக ஆகிவிடுமா? மேஸ்திரி, என்னை மன்னிச்சிடுங்க என்று சொல்ல எனக்கு நாலு புரட்டாசி கிடைத்தது. நாலு தடவையும் பிள்ளையைப் பற்றி, பேரனைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, வரதர் கோயில் கூட்டத்தைப் பற்றிப் பேசினேன். அவர் 'ம்' சொல்லிக்கொண்டே, காப்பி ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். ஒரு வேலையும் இல்லாமல் என் வீட்டுக்கு வந்து உட்காருகிறவர் வருடத்தில் அவர் ஒருவர்தான். போனபிறகு கூடம் எவ்வளவு பெரிசாக இருக்கும் தெரியுமா? குனிந்தால் தரையில் என் முகம் தெரியும். வீட்டில் வேறு முகம் இல்லை.

தேவகி வந்துபோன அன்று சாயங்காலம் சம்பத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவுரே போய்ட்டாரு. இத இப்ப எழுதி யாருக்கும்மா இன்னா?" என்றான்.

"அந்தப் பொண்ணு நம்ம கூடத்துல சுவரோரமா நடந்துச்சிடா," என்றேன்.

அவனுக்கு அது புரிந்ததோ என்னவோ, எழுதும்மா என்று சொல்லி வைத்துவிட்டான். மறுநாள் சம்பந்தி வீட்டுக்கு நானே ஆட்டோ பிடித்துப் போனேன். அவர் வீட்டில் வேறு ஆள் போட்ட தரை. நாற்காலியில் உட்காரவைத்து முழுக்கக் கேட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சம்பந்தியம்மா."

"சொல்லியிருந்தா நீங்க பொண்ணு குடுத்திருப்பீங்களா?"

"தண்ணி ஊத்தினதுக்கா குடுக்காம இருப்பாங்க?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்புறம் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் வீட்டம்மா வந்து விளக்குப் போட்டபிறகுதான் எழுந்தேன். காரியத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். வந்தால், மேஸ்திரி மேல் தப்பில்லை என்று அந்தக் குடும்பத்திடம் அவர் வாயாலேயே சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிற மேஸ்திரிமார்களே, வீட்டுக்காரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். ஏழுமலை மேஸ்திரி போட்ட கல் ஒன்றுகூட அவர் கைக்குற்றத்தால் பெயரவில்லை. தேவகி, உன் அம்மாவிடம் இதைப் படித்துக்காட்டு. அடுத்த முறை வரும்போது கூடத்துக்கு நடுவில் நடந்து வா.

இந்த வருடம் புரட்டாசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. தட்டிப் பார்க்க ஆள் வராது என்று தெரிந்தும் இரண்டு நாளாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு மத்தியானம் நானே தரையில் உட்கார்ந்து, மாடத்தடியிலிருந்து ஆரம்பித்து நாற்பது கல்லையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். எனக்குச் சத்தம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆனால் நாற்பதும் ஒரே மாதிரி சொல்லின. முட்டி சிவந்துபோய்விட்டது. போய்வாருங்கள், மேஸ்திரி. வைகுண்டத்தில் தரை எப்படியோ தெரியாது, உங்களை முழங்காலிட வைக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எழுதி முடித்துத் தாளை மடிக்கும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. ஐந்து வருடமாக எப்படி மறந்திருந்தேனோ. அந்தத் திங்கட்கிழமை, யாரும் உள்ளே போகவில்லை என்று அவரிடம் பொய் சொன்னேனே, அதற்குப் பத்து நிமிடம் கழித்து, தளிகையில் அந்தக் கூடத்து மாடத்துக்கு முன்னால் படைத்த புளியோதரையில் அவருக்கென்று எடுத்து வைத்திருந்ததை ஒரு தொன்னையில் கொண்டுவந்து கொடுத்தேன். சனிக்கிழமைப் பிரசாதம் என்றும் சொன்னேன். மேஸ்திரி எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கி, மாடத்தை ஒரு தடவை பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்.